கார்ச் சாவி கேட்காவிட்டால்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

சிங்கப்பூரின் ஈசூனில் நாங்கள் குடியிருக்கும் புளோக்கில் யாருடைய கார்ச் சாவி முரண்டு பிடித்தாலும் எங்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். நான் கார் மெக்கானிக் இல்லை. மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன். வீட்டில் ஒரு மல்டிமீட்டரும் டப்பா நிறைய வட்டப் பேட்டரிகளும் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் ஒரே பழுதை முப்பது தடவை பார்த்தவனுக்கு, முப்பத்தொன்றாவது தடவை மின்தூக்கியில் இறங்கும்போதே பாதி விடை தெரிந்துவிடுகிறது.

இதை எழுத வைத்தவர் என் மைத்துனர். சாவி வேலை செய்யவில்லை என்று ஒரு பட்டறைக்குப் போய், சில நூறு வெள்ளி கொடுத்துப் புதுச் சாவி வாங்கி வந்தார். மூன்று நாள் கழித்து அந்தப் புதுச் சாவிக்கும் கார் திறக்கவில்லை. பழுது காரின் பேட்டரியில் இருந்தது. காருடன் வந்த இரண்டாவது சாவி அத்தனை நாளும் வீட்டு அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து ஒரு தடவை அழுத்திப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, பட்டறையில் எவருக்கும் தோன்றவில்லை.

எதையும் கழற்றும் முன்

அந்த இரண்டாவது சாவியைத் தேடி எடுங்கள். ஒரு சாவிக்குத் திறக்காத கார் இன்னொன்றுக்குத் திறந்தால் பழுது முதல் சாவியில். இரண்டுக்கும் திறக்காவிட்டால் பழுது காரில், அல்லது கார் நிற்கும் இடத்தில். ஐந்தாண்டுகளாகத் தொடாத சாவியின் பேட்டரியும் செத்திருக்கலாம், எனவே அதில் புதுப் பேட்டரி போட்டுவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஒன்றைச் சோதிக்கும்போது மற்றது உங்கள் பையில் இருக்கக் கூடாது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கார் எந்தச் சாவியைக் கேட்டுத் திறந்தது என்று அதுவாக வந்து சொல்லாது.

அடுத்து, சாவி செய்கிற மூன்று வேலைகளில் எது நின்றுபோனது என்று பாருங்கள். தூரத்திலிருந்து பொத்தானை அழுத்திப் பூட்டுவதும் திறப்பதும் முதல் வேலை. சாவி பையில் இருக்கக் கைப்பிடியைத் தொட்டால் கதவு திறப்பது இரண்டாவது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் கார் கிளம்புவது மூன்றாவது. இம்மூன்றும் தனித்தனி வழியில் நடப்பதால் ஒன்று செத்தாலும் மற்றது உயிரோடு இருக்கும். என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் “சாவி கெட்டுவிட்டது” என்கிறார்கள். எந்த வேலை கெட்டது என்று கேட்டால்தான் யோசிக்கிறார்கள்.

வாடகைக்கு எடுத்துத் தனியார் வாடகை கார் ஓட்டுகிறவர்கள் சாவியின் பேட்டரி மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகும் முன் வாடகை நிறுவனத்தை அழைத்துவிடுவது நல்லது.

அறிகுறி: எதை அழுத்தினாலும், எதைத் தொட்டாலும் கார் அசையவில்லை

முதலில் உள்ளே போகும் வழி. சாவிக்கூட்டின் ஓரத்தில் சிறு தாழ் ஒன்று இருக்கும். அதைத் தள்ளிக்கொண்டே இழுத்தால் உள்ளிருந்து உலோகச் சாவி வெளியே வரும். ஓட்டுநர் கதவில் சாவித்துளை தெரியாவிட்டால் கைப்பிடியின் ஓரத்தில் இருக்கும் மூடியைப் பாருங்கள், துளை அதன் அடியில் ஒளிந்திருக்கும். இப்படித் திறந்தால் சில கார்களில் அலாரம் அலறும். பதற வேண்டாம், கார் கிளம்பியதும் அடங்கிவிடும்.

கிளப்புவதற்குச் சாவியின் பேட்டரி தேவையில்லை. உள்ளே இருக்கும், சாவியைக் காருக்கு அடையாளம் காட்டும் இம்மொபிலைசர் சில்லு காரிடமிருந்தே சக்தி வாங்கிக்கொள்ளும், ஆனால் மிக அருகில் இருக்க வேண்டும். டொயோட்டாவில் பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியின் சின்னம் உள்ள பக்கத்தை ஸ்டார்ட் பொத்தானில் ஒட்டிப் பிடியுங்கள். ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்துங்கள். ஹியுண்டாய், கியா கார்களில் சாவியாலேயே பொத்தானை அழுத்தலாம். பிஎம்டபிள்யூவில் ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டில் ஒரு குறி இருக்கும். வேறு சில கார்களில் நடுப்பெட்டிக்குள் ஒரு குழி இருக்கும். உங்கள் காரில் அந்த இடம் எது என்று கையேட்டில் இன்றைக்கே பார்த்து வையுங்கள். மழை கொட்டும் இரவில், பேட்டரி ஒரு விழுக்காடு மிஞ்சிய கைப்பேசியில் தேடுவது சரிப்படாது.

கார் கிளம்பிவிட்டதா? பெரும்பாலும் குற்றவாளி சாவியின் பேட்டரிதான். இனி வரிசையாகப் பார்ப்போம்.

பேட்டரி. மூடியைத் திறந்து அதன் முகத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அதிகம் காணப்படுவது சிஆர்2032. சிஆர்2025, சிஆர்1632, சிஆர்2450 ஆகியவையும் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் மில்லிமீட்டரில் விட்டம், அடுத்தவை தடிமன்: 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2032 இருக்க வேண்டிய இடத்தில் 2025 போட்டாலும் மூடி மூடிக்கொள்ளும், சாவியும் சில நாள் வேலை செய்யும். பிறகு ஒரு நாள் பை குலுங்கியதில் தொடர்பு விட்டுப்போகும். இந்த வகைத் தொல்லையை நான் நாலைந்து வீடுகளில் பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் பதில் ஒன்றுதான்: “கடையில் இதுதான் இருந்தது.”

மீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். புதுப் பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 2.9க்குக் கீழே இறங்கியதை நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். சும்மா கிடக்கும்போது 3.0 காட்டும் கிழட்டுப் பேட்டரிதான் ஏமாற்றும். அதைச் சாவிக்குள் வைத்து, மீட்டரின் முனைகளைப் பேட்டரித் தகடுகளில் பிடித்துக்கொண்டு, பொத்தானை அழுத்துங்கள். அழுத்திய கணத்தில் எண் தடாலென்று விழுந்தால் அது செத்த பேட்டரி. மீட்டர் இல்லாதவர்கள் வீணாக வாங்க வேண்டாம். புதுப் பேட்டரி மீட்டரைவிட மலிவு. வாங்கத்தான் வேண்டும் என்றால் சிம் லிம் டவரில் வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது கிடைக்கும்.

குழந்தைகள் உள்ள வீடுகளில் பழைய பேட்டரியை மேசையில் விட்டு வைக்காதீர்கள். விழுங்கிய வட்டப் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும், அல்லது 995ஐ அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

தொடர்பு. குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சுடன் வரும் பேட்டரிகள் சில சாவிகளில் சரியாகத் தொடர்பு கொள்வதில்லை. நல்ல எண்ணத்தில் பூசியதுதான், ஆனால் பூச்சு தகட்டுக்கு நடுவே வந்து நிற்கிறது. வேறு பேட்டரி போட்டுப் பாருங்கள். தகடுகளில் வெள்ளையோ பச்சையோ படிந்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். தகடு தளர்ந்திருந்தால் மிக மெல்ல, ஒரு முடியளவு மேலே வளையுங்கள். பேட்டரியின் இரு முகங்களையும் விரலால் அமுக்கிப் பிடிக்காமல் ஓரத்தைப் பிடித்துப் போடுங்கள்.

பொத்தான். அழுத்தும்போது முன்பு கேட்ட ‘டிக்’ இப்போது இல்லையா? உள்ளே இருக்கும் சிறு சுவிட்ச் தேய்ந்திருக்கும், அல்லது பற்றவைப்பு விட்டிருக்கும். பற்றவைக்கத் தெரிந்தவருக்கு இது சின்ன வேலை. சாவிக்கூடு மட்டும் உடைந்திருந்தால் வெற்றுக்கூடு வாங்கி, உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இம்மொபிலைசர் சில்லு சில சாவிகளில் பலகையில் ஒட்டாமல், எள்ளுருண்டையைவிடச் சிறிய கறுப்புத் துண்டாகக் கூட்டின் மூலையில் தனியே இருக்கும். பழைய கூட்டைக் குப்பையில் போட்டவர் அதையும் சேர்த்துப் போட்டுவிடுவார். பிறகு கதவு திறக்கும், கார் கிளம்பாது.

காரின் பேட்டரி. கதவைத் திறந்ததும் உள்விளக்கு மங்கலாக எரிகிறதா, எரியவே இல்லையா? சாவியை விட்டுவிடுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 அளவில் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. 12க்குக் கீழே என்றால் சாவியைக் கேட்கும் நிலையில்கூடக் கார் இல்லை. நம் ஊர் வெப்பத்தில் இந்தப் பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது. நிறுத்தியிருக்கும்போதும் படம் பிடிக்கும்படி வைத்த டேஷ்கேம் மிச்ச உயிரையும் உறிஞ்சிவிடும். டிசம்பர் விடுமுறைக்கு மூன்று வாரம் சென்னைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஊர் போகும் முன் டேஷ்கேமின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் போனால், ஜனவரியில் என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே மிஞ்சும். சில ஹைபிரிட் கார்களில் இந்தப் பேட்டரி பின்பக்கம் இருக்கிறது. பேட்டரி செத்தால் பின்பெட்டியும் திறக்காது. முன்மூடிக்கு அடியில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் மின்சாரம் கொடுக்கத் தனி முனை இருக்கும். எங்கே என்று கையேடு காட்டும்.

தொழில்முறை ஆளை எப்போது அழைப்பது? இரண்டு சாவிக்கும் புதுப் பேட்டரி போட்டாகிவிட்டது, காரின் பேட்டரியும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இரண்டுக்கும் கார் மௌனம் என்றால், சாவியின் அலையைக் கேட்கும் காரின் கருவியோ அதன் ஃபியூஸோ போயிருக்கலாம். ஃபியூஸைப் பார்ப்பதோடு நம் எல்லை முடிகிறது.

இடையில் ஒரு சொல்: சாவி அலை வீசுகிறதா என்று கைப்பேசிக் கேமராவில் பார்க்கும் உத்தி

கேமராவுக்கு நேரே சாவியை நீட்டி அழுத்தினால் வெளிச்சம் தெரியும் என்று ஒரு செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. தொலைக்காட்சி ரிமோட்டுக்கு அது சரி, ஏனென்றால் அதில் அகச்சிவப்பு விளக்கு இருக்கிறது. பழைய மெர்சிடிஸ் சாவிகள் சிலவற்றுக்கும் பொருந்தும். மற்றபடி கார்ச் சாவி வானொலி அலையில் பேசுகிறது, அதைக் கேமரா பார்க்காது. சாவியிலேயே மின்னும் சிவப்பு விளக்கும் பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அலை வெளியே போனதற்கு அது சாட்சி ஆகாது.

உண்மையான சோதனை வேண்டும் என்றால் சாவி செய்து கொடுக்கும் கடைக்குப் போங்கள். அவர்களிடம் கைக்கு அடக்கமான அலைவரிசைச் சோதனைக் கருவி இருக்கும். அதன் மேல் சாவியை வைத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினால் திரையில் எண் தெரியும். ஐரோப்பியக் கார்களுக்கு 433.92 மெகாஹெர்ட்ஸ், ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான கார்களுக்குப் பெரும்பாலும் 315ஐ ஒட்டிய எண். எண் தெரிந்தால் சாவி பேசுகிறது என்று பொருள். உங்கள் கார் அதைத் தன் சாவியாக ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு அந்த எண் உத்தரவாதம் இல்லை.

அறிகுறி: காரின் பக்கத்தில் போனால்தான் பொத்தான் வேலை செய்கிறது

முன்பு முப்பது அடியில் திறந்தது, இப்போது கண்ணாடியில் முட்டும் தூரத்தில்தான் திறக்கிறது. பத்தில் ஒன்பது தடவை சாவியின் பேட்டரி. மாற்றிய பிறகும் தூரம் கூடவில்லை என்றால் சாவியோடு கோத்திருப்பவற்றைக் கழற்றிப் பாருங்கள். கனமான உலோக வளையம், காந்தம் வைத்த தோலுறை, இன்னொரு காரின் சாவி எல்லாமே தடைதான். பிறகு வேறு கார்நிறுத்துமிடத்தில் சோதியுங்கள். இரண்டு சாவிக்கும் எல்லா இடத்திலும் தூரம் சுருங்கியிருந்தால் கார்ப் பக்கத்து ஏரியலைச் சந்தேகிக்கலாம், குறிப்பாக அண்மையில் கண்ணாடியில் உலோகம் கலந்த வெயில்தாள் ஒட்டியிருந்தாலோ டேஷ்கேம் மாட்டியிருந்தாலோ. டேஷ்கேமின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு அழுத்திப் பாருங்கள். மலிவான மின்னேற்றிகள் கிளப்பும் இரைச்சலில் சாவியின் மெல்லிய குரல் காதில் விழாது.

அறிகுறி: பொத்தானுக்குத் திறக்கிறது, கைப்பிடியைத் தொட்டால் திறப்பதில்லை

ஒரு கதவா, எல்லாக் கதவுகளுமா? இந்தக் கேள்விதான் வழியைப் பிரிக்கிறது. சாவியைப் பையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கைப்பிடியாகத் தொடுங்கள்.

ஒரே கதவு என்றால் சாவி நிரபராதி. கைப்பிடியில் வெயில்களிம்பு, மெழுகு, கார் கழுவிய சவர்க்காரம் படிந்திருந்தால் தொடு உணரி மரத்துப்போகும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். சிறு கறுப்புப் பொத்தான் வைத்த கைப்பிடி என்றால் அதன் ரப்பர் வெப்பத்தில் இளகிப் பிசுபிசுத்திருக்கும். பின்பெட்டிப் பொத்தானுக்கு இதே கதி இன்னும் அதிகம். ரப்பர் கிழிந்து மழைநீர் உள்ளே போனால் சுவிட்ச் துருப்பிடிக்கும். அந்தச் சுவிட்ச்சை மட்டும் மாற்றலாம். முழுக் கைப்பிடியையும் மாற்றத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொரு இடத்திலும் கேட்டுப் பாருங்கள்.

எல்லாக் கதவுகளும் என்றால் முதலில் சாவி தூங்குகிறதா என்று பாருங்கள். டொயோட்டா சாவிகளில் பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறக்கும் பொத்தானை இரு தடவை அழுத்தினால் விளக்கு நான்கு தடவை மின்னி, சாவி பேட்டரி சேமிப்பு நிலைக்குப் போய்விடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பேரப்பிள்ளை சாவியை வைத்து விளையாடினால் போதும். ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். அலமாரியில் கிடக்கும் இரண்டாவது சாவியை இந்த நிலையில் வைப்பது நல்ல பழக்கம், பேட்டரி நீடிக்கும்.

காரும் தூங்கும். பல டொயோட்டா கார்களை 14 நாளுக்கு மேல் தொடாமல் விட்டால் ஓட்டுநர் கதவைத் தவிர மற்றவை கைப்பிடிக்குத் திறக்காது. ஊரிலிருந்து திரும்பி, பயணப் பெட்டியோடு பயணி பக்கக் கதவைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் வலப்பக்கம் போய் ஓட்டுநர் கதவைத் தொட்டுப் பாருங்கள். கைப்பிடித் திறப்பை அமைப்புகளில் யாரோ அணைத்துவிட்டிருப்பதும் உண்டு. பட்டறைக்குப் போய் வந்த மறுநாள் தொல்லை தொடங்கியது என்றால் அங்கே தேடுங்கள்.

இதெல்லாம் இல்லையா? இரண்டாவது சாவிக்குக் கைப்பிடி திறக்கிறது, முதல் சாவிக்கு மட்டும் இல்லை. பொத்தான்கள் ஒழுங்காக இருக்கின்றன. அப்படியென்றால் ஒரே கேள்வி: அந்தச் சாவி அண்மையில் கீழே விழுந்ததா? கார் தாழ்ந்த அலையில், சுமார் 125 கிலோஹெர்ட்ஸில், கூப்பிடுவதைக் கேட்கச் சாவிக்குள் ஒரு சிறு கம்பிச்சுருள் இருக்கிறது. சிமெண்டுத் தரையில் விழுந்தால் அதன் பற்றவைப்பு விரிசல் விடும். சாவி பேசும், ஆனால் காது கேட்காது. உருப்பெருக்கியும் நுண்முனைப் பற்றவைப்புக் கோலும் வைத்திருப்பவர் இதைச் சரிசெய்வார். வீட்டில் முயன்று பலகையைக் கருக்க வேண்டாம். நான் ஒன்றைக் கருக்கியிருக்கிறேன். நல்லவேளை, அது என் சொந்தச் சாவி.

அறிகுறி: கதவு திறக்கிறது, ஆனால் “சாவி காணவில்லை” என்று திரை சொல்கிறது

முதல் காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: சாவி உண்மையிலேயே காரில் இல்லை. எங்கள் மாடியில் ஒருவர் மனைவியை எம்ஆர்டி நிலையத்தில் இறக்கிவிட்டு துவாஸ் வரை போனார். சாவி மனைவியின் கைப்பையில் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கார் எச்சரிக்கும், ஆனால் நிற்காது. போய்ச் சேர்ந்து அணைத்த பிறகுதான் மறுபடி கிளம்ப மறுத்தது. இந்த எச்சரிக்கை வந்தால் காரை அணைக்காதீர்கள். ஓரமாக, பத்திரமாக நிறுத்தி, யார் பையில் சாவி என்று கேளுங்கள்.

சாவி உள்ளேதான் இருக்கிறது என்றால் அது எங்கே கிடக்கிறது? கம்பியில்லா மின்னேற்றித் தட்டின் மேல், கைப்பேசிக்கு அடியில், நாணயப் பைக்குள், கதவின் அடிப்பையில், முன்கண்ணாடியை ஒட்டிய மேடையில் என்றால் காருக்குத் தெரியாமல் போகலாம். கையில் எடுத்து இருக்கை உயரத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் பொத்தானில் ஒட்டிப் பிடியுங்கள். ஒட்டினால் மட்டும் கிளம்புகிறது என்றால் சாவியின் பேட்டரி, அல்லது மேலே சொன்ன கம்பிச்சுருள். ஒட்டினாலும் இல்லை, இரண்டாவது சாவிக்கும் இல்லை என்றால் கார்ப் பக்கம் போக வேண்டும்.

அந்தப் பக்கம் போகும்போது சாவியோடு சம்பந்தமே இல்லாத இரண்டைப் பாருங்கள். ஒன்று, பிரேக் விளக்கு. சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தியிருந்தால் பிரேக்கை மிதித்ததும் சுவரில் சிவப்பு ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிரேக் சுவிட்ச் போயிருக்கலாம். நீங்கள் மிதிப்பது காருக்குத் தெரியாததால் அது கிளம்பாது. சிறு பாகம்தான். அதற்குப் போய்ச் சாவி மாற்றியவர்கள் இருக்கிறார்கள். மற்றது, ஸ்டியரிங் பூட்டு. சக்கரம் ஓரக்கல்லை அழுத்தியபடி நிறுத்தியிருந்தால் பூட்டு இறுகிக்கொள்ளும். ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்துக்கொண்டே பொத்தானை அழுத்துங்கள். டொயோட்டாவில் பொத்தான் விளக்கு பச்சையில் மின்னினால் அது ஸ்டியரிங் பூட்டைத்தான் சொல்கிறது. மஞ்சளில் மின்னினால் அமைப்பிலேயே கோளாறு. அப்போது கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி உள்ளவரை அழையுங்கள். எல்லாக் கார்களும் இதே நிறங்களைப் பயன்படுத்துவதில்லை.

அறிகுறி: ஒரே ஒரு இடத்தில் மட்டும் திறப்பதில்லை

வீட்டில் திறக்கிறது, அலுவலகத்தில் திறக்கிறது, குறிப்பிட்ட ஒரு கார்நிறுத்துமிடத்தின் மூன்றாம் தளத்தில் மட்டும் இல்லை. சாவியும் நலம், காரும் நலம், அந்த இடத்தில் வேறொன்று கத்திக்கொண்டிருக்கிறது. 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தானியங்கிக் கதவு ரிமோட்டுகள், டயர் அழுத்த உணரிகள், கம்பியில்லா அழைப்புமணிகள் எல்லாம் குடியிருக்கின்றன. பொத்தான் அமுங்கியபடியே மாட்டிக்கொண்ட ஒரு ரிமோட் அக்கம்பக்கத்துக் கார்களையே செவிடாக்கிவிடும். பக்கத்தில் நிற்கும் கார்க்காரரிடமும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கும் இதே கதை என்றால் உலோகச் சாவியால் திறந்து, சாவியைப் பொத்தானில் ஒட்டிக் கிளப்பி, வேறு தளத்துக்குப் போய்விடுங்கள். செலவு ஏதும் இல்லை. இந்த நிலையில் புதுச் சாவி வாங்கச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

அறிகுறி: பூட்ட மறுக்கிறது, அல்லது தானே பூட்டித் தானே திறக்கிறது

பூட்டும்போது கார் ‘பீப் பீப்’ என்று கத்துகிறதா? ஏதோ ஒரு கதவு முழுதாக மூடவில்லை, அல்லது கார் முழுதாக அணையவில்லை, அல்லது இன்னொரு சாவி உள்ளே கிடக்கிறது. ஹைபிரிட் கார்களில் இரண்டாவது காரணம் சகஜம். சத்தமே இல்லாததால் அணைத்துவிட்டோம் என்று நினைத்து இறங்கிவிடுகிறோம். மூன்றாவது காரணத்துக்குப் பின்பெட்டியில் கிடக்கும் பூப்பந்துப் பையைத் துழாவுங்கள்.

தானே பூட்டித் திறப்பது கார் கழுவும்போதும் கொட்டும் மழையிலும் நடக்கும். சாவி அருகில் இருக்க, கைப்பிடியில் ஓடும் தண்ணீரை விரல் என்று கார் நினைத்துக்கொள்கிறது. கழுவும்போது சாவியை இரண்டு மீட்டருக்கு அப்பால் வையுங்கள். காய்ந்த கைப்பிடியிலும் நடந்தால் அந்தக் கைப்பிடியின் உணரி கெட்டிருக்கிறது. இது பட்டறை வேலை. அதுவரை கைப்பிடித் திறப்பை அமைப்புகளில் அணைத்துவிட்டுப் பொத்தானையே பயன்படுத்துங்கள்.

அறிகுறி: புதுப் பேட்டரி இரண்டே மாதத்தில் தீர்கிறது

தரைவீட்டுக்காரர்களின் தொல்லை இது. வாசலில் கார், கதவை ஒட்டிக் காலணி அலமாரி, அதன் மேல் சாவி. இரவெல்லாம் கார் கூப்பிட, சாவி பதில் சொல்ல, பேட்டரி தீர்ந்துவிடும். சாவியை உள்ளறைக்கு மாற்றுங்கள். சாவியின் அலையை நீட்டித்துக் காரைக் கடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பிஸ்கட் தகரடப்பாவுக்குள் போட்டு மூடுகிறவர்களும் உண்டு. அலையைத் தடுக்க அது உதவும், மூடி நன்றாகப் பொருந்த வேண்டும். கணினி, தொலைக்காட்சி பக்கத்தில் வைப்பதையும் தவிருங்கள். அடுக்குமாடியில் இருந்தும் பேட்டரி இப்படித் தீர்ந்தால் பொத்தான் ஏதாவது அமுங்கியே இருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கமான தோலுறை செய்கிற வேலை அது.

அறிகுறி: சலவை இயந்திரத்தில் ஒரு சுற்று வந்துவிட்டது

எடுத்ததும் அழுத்திப் பார்க்காதீர்கள். உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். கூட்டைப் பிரித்து, சவர்க்கார நீர் போக ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பலகையைக் கழுவி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். ஈரப்பதம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைப்பது இன்னும் நல்லது. அரிசிப் பானையில் புதைப்பதால் பலன் இல்லை, மாவுத்தூள்தான் உள்ளே போகும். பிறகு புதுப் பேட்டரி. ஒரு மாதம் ஓடிவிட்டுச் செத்தால் பலகையில் அரிப்பு தொடங்கிவிட்டது. மாற்றுச் சாவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

புதுச் சாவிதான் வழி என்றால்

கூட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து நேராக இறக்குமதியான காருக்கு, அதே மாடலின் வேறு சந்தைச் சாவி வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளை போலிருந்தாலும் அலைவரிசை வேறாக இருக்கலாம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய சாவிகள் பலவும் முந்தைய காரோடு பூட்டப்பட்டவை. அழிக்காமல் உங்கள் காரில் பதிய முடியாது.

கார் நிறுவனத்தின் முகவரிடம் போவதா, காக்கி புக்கிட், உபி, சின் மிங் பக்கத்தில் உள்ள சாவிக்காரரிடம் போவதா? உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருந்தால் முகவர். அது முடிந்த காருக்கு, குறிப்பாக வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டும் பழைய காருக்கு, நல்ல சாவிக்காரர் போதும். வேலை தொடங்கும் முன் விலையில் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள்: கூடு, பதிவு, உலோகச் சாவியை வெட்டுவது. கார் உங்களுடையது என்பதற்கான பதிவு விவரத்தைக் கேட்காமல் சாவி செய்து தருகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். தொலைந்த சாவி என்றால் அதைக் காரின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்று பதிவது எளிது. இரண்டும் தொலைந்த பிறகு செய்வது பெரிய வேலை, பெரிய செலவு. கையில் ஒன்றே ஒன்று இருப்பவர்கள் அது வேலை செய்கிறபோதே அடுத்ததைச் செய்துகொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் அங்கேயே சோதியுங்கள். தூரத்தில் நின்று ஒவ்வொரு பொத்தான், ஒவ்வொரு கைப்பிடி, பின்பெட்டி, ஸ்டார்ட், கடைசியாக உலோகச் சாவியை ஓட்டுநர் கதவில் செருகித் திருப்புவது. இதெல்லாம் முடியும்வரை பழைய சாவி சாவிக்காரரின் கடைக்குள்ளேயே இருக்கட்டும். உங்கள் சட்டைப்பையில் அது இருந்தால் புதுச் சாவி செத்திருந்தாலும் கைப்பிடி திறக்கும், காரும் கிளம்பும்.